மூடிய சுரங்கம், அடங்காத நீர்

கொலராடோ மலையில் ஒரு சின்னத் தங்கச் சுரங்கம் 2015-ல் உடைத்துக்கொண்டு, மூன்று மாநிலங்களின் ஆறுகளை ஆரஞ்சு நிறமாக்கியது. உடைப்பை உண்டாக்கியவர்கள், தண்ணீரைக் காக்க வந்த அரசுத் துறையின் ஆட்கள். ஆனால் கதை அந்தக் காலையில் தொடங்கவில்லை. எல்லா விதிகளும் சரியாக நிறைவேறின என்று கோர்ட்டில் எழுதிக்கொண்ட நாளில் தொடங்கியது.

2015 ஆகஸ்ட் 5, புதன்கிழமை. மணி பதினொன்று ஆகவில்லை. கடல் மட்டத்திலிருந்து பதினோராயிரம் அடிக்கு மேலே, சான் வான் மலைச்சரிவில் ஒரு பொக்லைன் இயந்திரம் மண்ணைக் கோதிக்கொண்டிருக்கிறது. எதிரே, இடிந்து மண்மூடிக் கிடக்கும் பழைய சுரங்கவாய். உள்ளே தேங்கிய நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வடித்துச் சுத்திகரிக்க வேண்டும்; அதற்கு வாயின் கூரை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கான தோண்டல்தான். சுற்றி நிற்பவர்கள் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஈபிஏவின் அதிகாரிகளும் அதன் ஒப்பந்தக்காரரின் ஆட்களும்.

மண்ணிலிருந்து மெல்லிய தாரையாக நீர் பீய்ச்சியது. தெளிந்த நீர். சில நிமிடங்களில் அது தடித்தது, சிவந்தது, மண்ணை அரித்து வாயைத் தானே திறந்துகொண்டது. மலைக்குள் பல ஆண்டுகளாகத் தேங்கிய நீர் முழு அழுத்தத்தோடு வெளியே பாய்ந்து, ஏறி வந்த பாதையையும் அடித்துக்கொண்டு போனது. ஆட்கள் விலகித் தப்பினார்கள், உயிர்ச்சேதம் இல்லை. கீழே சிமென்ட் கிரீக் ஓடை, அதிலிருந்து அனிமாஸ் ஆறு, அடுத்து சான் வான் ஆறு, கடைசியில் பவல் ஏரி. மறுநாள் மாலை டுராங்கோ நகரத்துக்குள் நுழைந்த ஆறு, கரைத்த மஞ்சள் சாந்து போல இருந்தது. அதன் நடுவே சிறு படகுகளில் மிதக்கும் மூவரை உள்ளூர் நாளிதழ்க்காரர் எடுத்த படம் உலகம் முழுக்கப் போனது.

சுரங்கத்தின் பெயர் கோல்ட் கிங். 1887-ல் கண்டுபிடிக்கப்பட்டு, 1920-களின் தொடக்கத்திலேயே உற்பத்தி அடங்கிப்போன சுரங்கம். உடைத்தபோது அதில் வேலை நின்று தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

பெட்டி: ஒரே நாளில் வெளியேறியது

நீர்: சுமார் 30 லட்சம் கேலன், அதாவது 1 கோடியே 13 லட்சம் லிட்டர். (முதலில் 10 லட்சம் கேலன் என்றுதான் ஈபிஏ அறிவித்தது.)
உலோகம்: ஒன்பது மணி நேரத்தில் அனிமாஸ் ஆற்றில் கலந்தது ஏறத்தாழ 490 டன். பெரும்பகுதி இரும்பும் அலுமினியமும். கூடவே ஈயம், ஆர்செனிக், காட்மியம், துத்தநாகம், செம்பு.
கடந்த மாநிலங்கள்: கொலராடோ, நியூ மெக்சிகோ, யூட்டா. வழியில் தெற்கு யூட் பழங்குடியினரின் நிலம், நவஹோ தேசம்.

அளக்காமல் தோண்டினார்கள்

அக்டோபரில் அமெரிக்க உள்துறையின் கீழ் இயங்கும் நீர்ப்பணித் துறை விசாரணை அறிக்கை தந்தது. சுரங்கத்தில் பாதி அளவுக்குத்தான் நீர் இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்; உண்மையில் கூரை முட்ட நின்றிருக்கிறது. மேலிருந்து துளையிட்டு நீர்மட்டத்தை அளந்திருந்தால் திட்டமே மாறியிருக்கும். அதே பள்ளத்தாக்கில் இருக்கும் ரெட் அண்ட் போனிடா சுரங்கத்தில் சில ஆண்டுகளுக்கு முன்பு இதே ஈபிஏ அப்படித்தான் துளையிட்டு அளந்திருந்தது. இங்கே செய்யவில்லை.

வழக்கமாக இந்த இடத்தைப் பார்த்துக்கொண்ட அதிகாரி அன்று விடுப்பில் இருந்தார். ஆலோசனைக்கு நிபுணர் ஒருவர் வருவதாக ஏற்பாடும் ஆகியிருந்தது. அவர் வரவேண்டிய தேதி ஆகஸ்ட் 14.

ஈபிஏவின் தலைவர் ஜீனா மெக்கார்த்தி டுராங்கோவுக்கே வந்து முழுப் பொறுப்பையும் ஏற்றார். குற்ற வழக்கு எதுவும் பதிவாகவில்லை; 2016-ல் அரசு வழக்கறிஞர் அலுவலகம் வழக்குத் தொடர மறுத்தது. இதே பிழையை ஒரு தனியார் கம்பெனி செய்திருந்தால் ஈபிஏ என்ன செய்திருக்கும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கோபத்தில் இன்னொரு கேள்வி அமுங்கிப்போனது: கைவிட்டு தொண்ணூறு ஆண்டுகள் ஆன சுரங்கத்தில் இவ்வளவு நீர் எப்படி வந்தது?

மலைக்குள் நடக்கும் ரசாயனம்

தங்கமும் வெள்ளியும் கிடக்கும் பாறையில் பெரும்பாலும் பைரைட் இருக்கும்; இரும்பும் கந்தகமும் சேர்ந்த, தங்கம் போலவே மின்னும் கல். பூமிக்குள் மூடிக் கிடக்கும் வரை அது யாருக்கும் கெடுதல் செய்யாது. குடைந்து காற்றும் நீரும் புக வழிவிட்டால் கந்தக அமிலம் உருவாகிறது. இரும்பைத் தின்று வாழும் நுண்ணுயிரிகள் அந்த வேலையைப் பல மடங்கு விரைவாக்குகின்றன. அமிலம் அக்கம்பக்கத்துப் பாறையில் இருக்கும் துத்தநாகத்தையும் காட்மியத்தையும் ஈயத்தையும் கரைத்து எடுத்துக்கொள்கிறது. சுரங்கத்துக்குள் இந்த நீர் தெளிவாகக்கூட இருக்கும். வெளியே வந்து நல்ல நீரோடு கலந்து அமிலம் குறையும்போதுதான் இரும்பு பிரிந்து ஆரஞ்சு நிறத்தில் படிகிறது.

கண்ணுக்குத் தெரிந்த அந்த ஆரஞ்சு இரும்பு. மீனைக் கொல்லும் துத்தநாகத்துக்கும் காட்மியத்துக்கும் நிறம் கிடையாது. (சாய நீர் ஓடிய நொய்யலைப் பார்த்த நமக்கும் இது தெரிந்த சங்கதிதான்: நிறம் போனால் கூட்டமும் கலைந்துவிடும்.)

பிறகு ஈபிஏவே ஒரு கணக்கு சொன்னது. இந்த மாவட்டத்தின் பழைய சுரங்கங்களிலிருந்து நாள்தோறும் கசியும் அமில நீர் சுமார் 54 லட்சம் கேலன். உலகமே அதிர்ந்த அந்த உடைப்பின் அளவு 30 லட்சம். அதாவது, விபத்து என்று நாம் சொல்லும் அளவைவிட அதிகமான நீர் ஒவ்வொரு நாளும், செய்தியே ஆகாமல், அதே ஆற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. உடைப்பில் வந்த மொத்த உலோகமும், வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகும்போது ஓரிரு நாளில் அடித்துக்கொண்டு வரும் அளவுக்குச் சமம் என்றும் அதன் ஆய்வு சொன்னது. தன் தவறைச் சின்னதாக்கிக் காட்ட ஈபிஏவுக்குக் காரணம் உண்டு என்று சந்தேகப்படலாம். சந்தேகப்பட்டாலும், தன்னை விடுவிக்கும் அதே கணக்கால் அது மொத்த மாவட்டத்தையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டது.

காகிதத்தில் எல்லாம் சரி

கோல்ட் கிங்குக்குப் பக்கத்து மலையில் சன்னிசைடு என்ற பெரிய சுரங்கம். அதன் நீரை வடிப்பதற்கும் தாதுவை வெளியே கொண்டுவருவதற்கும் அடிவாரத்திலிருந்து குடைந்த வழிக்கு அமெரிக்கன் டனல் என்று பெயர். சன்னிசைடுக்கு ஏற்கெனவே தண்ணீரோடு ஒரு பழைய கணக்கு உண்டு. 1978 ஜூன் 4-ல், அதன் மேலே இருந்த எம்மா ஏரி சுரங்கக் கூரையைப் பொத்துக்கொண்டு மொத்தமாக உள்ளே இறங்கியது. அன்று ஞாயிற்றுக்கிழமை, ஒருவரும் வேலையில் இல்லை. வேறு நாளாயிருந்தால் நூற்றுக்கு மேற்பட்டோர் உள்ளேயே போயிருப்பார்கள்.

1991-ல் சன்னிசைடும் மூடியது. சில்வர்டன் ஊரின் கடைசிச் சுரங்கம் அதுதான். ஆனால் டனல் வழியாக அமில நீர் வந்துகொண்டே இருந்தது. 1972-ல் வந்த தூய நீர்ச் சட்டப்படி அந்த நீரை வெளியே விட அனுமதி வேண்டும். அனுமதிக்கு நீரைச் சுண்ணாம்பிட்டுச் சுத்திகரிக்க வேண்டும். நீர் வரும் வரை, அதாவது என்றென்றைக்கும், அந்தச் செலவைக் கம்பெனி சுமக்க வேண்டும். வருமானம் நின்றுவிட்ட கம்பெனிக்கு இது முடிவே இல்லாத கடன்.

அதனால் டனலுக்குள் கான்கிரீட் அடைப்புக் கட்டுவது என்று யோசனை வந்தது. சுரங்கம் நீரால் நிறைந்துவிட்டால் காற்று புகாது, அமிலம் உண்டாவதும் குறையும். பொறியியலில் இதற்கு நியாயம் உண்டு. முட்டாள்தனம் என்று ஒதுக்க முடியாது. மாநில அரசின் கவலை வேறு: அடைத்த நீர் வேறு பக்கம் கிளம்பினால் யார் பொறுப்பு? விவகாரம் கோர்ட்டுக்குப் போய் 1996-ல் சமரச உத்தரவாக முடிந்தது. கம்பெனி அடைப்புகளைக் கட்டும். சுற்றுவட்டாரத்துப் பழைய கழிவு மேடுகள் சிலவற்றைச் சுத்தம் செய்யும். சில்வர்டனுக்குக் கீழே ஆற்றில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் துத்தநாக அளவு ஏறாமல் இருக்க வேண்டும். நிபந்தனைகள் நிறைவேறின. சில ஆண்டுகளில் கம்பெனி விடுவிக்கப்பட்டது. அது நடத்திவந்த சுத்திகரிப்பு ஆலை வேறொரு உரிமையாளரின் கைக்கு மாறி, பணத் தகராறில் சீக்கிரமே நின்றது.

ஓட்டைக் குடத்தில் ஒரு ஓட்டையை மட்டும் விரலால் பொத்தினால் என்ன ஆகுமோ, அது நடந்தது. மலைக்குள் நீர்மட்டம் உயர்ந்தது. அதுவரை பெரும்பாலும் வறண்டிருந்த வாய்களில் நீர் கசிந்தது: ரெட் அண்ட் போனிடாவில், கோல்ட் கிங்கின் ஏழாம் தளத்தில். ஆலை நின்ற பிறகு சில்வர்டனுக்குக் கீழே அனிமாஸில் ட்ரவுட் மீன்கள் அருகின; நீர்ப்பூச்சிகளும் குறைந்தன. தங்கள் அடைப்புக்கும் கோல்ட் கிங் நீருக்கும் தொடர்பில்லை என்று கம்பெனி கடைசிவரை வாதாடியது. மலையின் வயிற்றைத் திறந்து காட்ட யாராலும் முடியாது என்பது அந்த வாதத்தின் பலம்.

இந்த வழக்கில் நான் அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்புவது இதைத்தான். விதிமுறை எதுவும் மீறப்படவில்லை. அனுமதிச் சீட்டு ஒரு வாயைப் பார்த்தது. அந்த வாய் அடைபட்டதும் கோப்பு மூடப்பட்டது. மலைக்கோ அத்தனை சுரங்கமும் சேர்ந்து ஒரே தண்ணீர்ப் பை. எந்த வாய்க்கு யார் உரிமையாளர் என்று அதற்குத் தெரியாது.

கீழே இருந்தவர்கள்

டுராங்கோ நகராட்சி உடனே ஆற்றிலிருந்து நீர் எடுப்பதை நிறுத்தியது. ஆறு மூடப்பட்டது, படகு விடும் தொழிலுக்கு அதுதான் சீசன். ஒரு வாரத்துக்குள் மாநில ஆளுநர் ஹிக்கன்லூப்பர் அனிமாஸ் நீரைப் புட்டியில் மொண்டு, அயோடின் மாத்திரை போட்டுக் குடித்துக் காட்டினார். ஆற்றில் கூண்டிட்டு விட்டிருந்த ட்ரவுட் குஞ்சுகளும் கிட்டத்தட்ட எல்லாமே பிழைத்தன. சுற்றுலா மெல்லத் திரும்பியது.

நூற்றுச் சொச்சம் மைல் கீழே கதை வேறு. நியூ மெக்சிகோ மாநிலத்துக்கு முதல் தகவல் ஈபிஏவிடமிருந்து வரவில்லை, தெற்கு யூட் பழங்குடியினர் சொல்லித்தான் தெரியும் என்று அந்த மாநில அதிகாரிகள் குமுறினார்கள். நவஹோ தேசத்தின் ஷிப்ராக் பகுதியில் சோளமும் முலாம்பழமும் விளைவது சான் வான் ஆற்றின் வாய்க்கால் நீரில். ஆகஸ்ட் என்றால் கதிர் முற்றும் காலம். வாய்க்கால் அடைக்கப்பட்டது. பதிலுக்கு லாரியில் தொட்டி நீர் வந்தது. தொட்டிகளில் எண்ணெய் வாடை அடிக்கிறது என்று நவஹோ தலைவர் ரஸல் பிகாயே கொதித்தார். மாத இறுதியில் சோதனை முடிவுகளைப் பார்த்து ஆற்று நீரைப் பாய்ச்சலாம் என்று அவர் அனுமதித்த பிறகும், ஷிப்ராக் விவசாயிகள் கூடி வாக்களித்து வாய்க்காலைத் திறக்க மறுத்தார்கள். பயிர் போனாலும் போகட்டும், மண் கெட வேண்டாம் என்ற முடிவு.

அதைப் பயம் என்று மட்டும் பார்த்தால் நவஹோவைப் புரிந்துகொள்ள முடியாது. சோளத்தின் மகரந்தம் அவர்களுக்குப் பூசைப் பொருள். ஆற்றங்கரை மூலிகை, ஆட்டுக்குத் தண்ணீர், குழந்தைகளின் நீச்சல், சடங்கு என்று நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளில் அவர்கள் ஆற்றோடு புழங்கியதைப் பிற்பாடு ஆய்வாளர்கள் பட்டியலிட்டார்கள். உடைப்புக்குப் பிறகு அந்தப் புழக்கம் பாதிக்கும் மேல் குறைந்தது. அதிகாரிகள் சொல்லும் ‘பாதுகாப்பான அளவு’ என்பது பெரும்பாலும் எப்போதாவது ஆற்றுக்கு வந்துபோகும் ஆளைக் கணக்கில் வைத்தது. ஆற்றிலேயே வாழ்பவரின் கணக்கு அதில் இல்லை.

பெட்டி: நவஹோ மறக்காத ஒரு ஜூலை

1979 ஜூலை 16. நியூ மெக்சிகோவின் சர்ச் ராக்கில் யுரேனிய ஆலையின் கழிவுக் குளத்துக் கரை உடைந்தது. சுமார் 9 கோடியே 40 லட்சம் கேலன் கதிரியக்க அமில நீரும் ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட திடக்கழிவும் புவெர்கோ ஆற்றில் இறங்கின. கோல்ட் கிங் உடைப்பைப்போல் முப்பது மடங்கு. அந்த ஆற்றிலிருந்துதான் நவஹோக்களின் ஆடுமாடுகள் குடித்தன. நவஹோ மண்ணில் கைவிடப்பட்ட யுரேனியச் சுரங்கங்கள் இன்றும் 500-க்கு மேல்.

பணம் யார் கொடுத்தது?

2017 ஜனவரியில் ஈபிஏ ஒரு குண்டைப் போட்டது. விவசாயிகள், படகுக்காரர்கள் உள்ளிட்டோர் கேட்டிருந்த நஷ்டஈடு மொத்தம் 120 கோடி டாலர். சட்டம் அரசுக்குத் தரும் விலக்கின்படி ஒரு காசும் தர முடியாது என்றது. பொறுப்பை ஏற்பது வேறு, பணம் எடுத்து வைப்பது வேறு. ஆட்சி மாறி, அந்த ஆகஸ்டில் புதிய தலைவர் டுராங்கோவுக்கு வந்து, மறுபடி விண்ணப்பியுங்கள் என்றார். பிறகு ஆண்டுக்கணக்கில் வழக்கு.

2021-ல் சன்னிசைடு கம்பெனியும் அதன் தாய்க் கம்பெனி கின்ராஸும் நவஹோ தேசத்துக்கு 1 கோடி டாலரும் நியூ மெக்சிகோவுக்கு 1.1 கோடியும் தர ஒப்புக்கொண்டன. 2022-ல் மத்திய அரசு நவஹோவுக்கு 3.1 கோடி, நியூ மெக்சிகோவுக்கு 3.2 கோடி என்று முடித்தது. அதே ஆண்டு ஜனவரியில் வந்த ஒப்பந்தம்தான் பெரியது: சுரங்க மாவட்டத்தைச் சுத்தம் செய்ய கம்பெனித் தரப்பு 4.5 கோடி, மத்திய அரசு 4.5 கோடி. தவறு செய்ததாகக் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. இத்தோடு விடுதலை வேண்டும் என்றே கையெழுத்திட்டது. 1996-லும் அது வாங்கியது விடுதலைதான்.

சில்வர்டன் ஊர் விசித்திரமான நிலையில் மாட்டிக்கொண்டது. அறுநூறு சொச்சம் பேர் வாழும் ஊர். டுராங்கோவிலிருந்து நீராவி ரயிலில் வரும் சுற்றுலாக்காரர்கள்தான் வருமானம். நச்சு இடங்களைச் சுத்தம் செய்யும் ‘சூப்பர்ஃபண்டு’ பட்டியலில் சேர்ந்தால் ஊர்ப் பெயர் கெடும் என்று இருபது ஆண்டுகளாக அதைத் தள்ளிவைத்திருந்தார்கள். பதிலுக்கு 1994-ல் கம்பெனி, விவசாயி, அதிகாரி எல்லோரும் சேர்ந்து ஒரு குழு அமைத்து, சின்னச் சின்ன வேலைகளைச் செய்தும் பார்த்தார்கள். குறை சொல்ல முடியாத உழைப்பு. ஆனால் ஓடும் நீரைத் தொட மட்டும் அவர்களுக்குத் துணிவில்லை, காரணம் கீழே. 2016 பிப்ரவரியில் ஊர் மன்றம் வாக்களித்துப் பட்டியலில் சேரக் கேட்டது. செப்டம்பரில் 48 சுரங்க இடங்கள் ‘போனிடா பீக் சுரங்க மாவட்டம்’ என்ற பெயரில் சேர்ந்தன.

உடைப்பு நடந்த இரண்டே மாதத்தில் கிளாட்ஸ்டோன் என்ற இடத்தில் அவசரமாக ஒரு சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. கோல்ட் கிங் நீரைச் சுண்ணாம்பிட்டு உலோகத்தைப் படியவைக்கும். 2019 மார்ச்சில் பனிப்புயலில் பாதை மூடி ஆலை நின்றபோது நீர் அப்படியே ஓடைக்குப் போனது. ஓடினாலும் இன்னொரு தலைவலி: படியும் சேற்றை எங்கே கொட்டுவது? பனிச்சரிவு விழாத சமநிலம் அந்த மலையில் அரிது.

பெட்டி: சமிட்வில், டெபாசிட் போதாத கதை

அதே மலைத்தொடரில் இன்னொரு தங்கச் சுரங்கம் சமிட்வில். 1980-களில் சயனைடு ஊற்றித் தங்கம் பிரித்தார்கள். 1992 டிசம்பரில் கம்பெனி திவாலாகி, கொட்டும் பனியில் விட்டுப்போனது. அலமோசா ஆற்றில் மீன் அற்றது. கம்பெனி கட்டியிருந்த பிணைத்தொகை சில மில்லியன் டாலர். சுத்தம் செய்ய அரசு செலவிட்டது நூறு மில்லியனைத் தாண்டியது. 2021-லிருந்து அந்த நீரைச் சுத்திகரிக்கும் செலவு முழுவதும் கொலராடோ மக்களின் வரிப்பணம்.

தொட்டவர் தலையில்

இப்போது, ஓடும் நீரைத் தொடத் துணியாததன் அந்தக் காரணம். தூய நீர்ச் சட்டப்படி, மாசு நீரை வெளியே விடுபவர் அதற்குப் பொறுப்பு. ஒரு தொண்டு நிறுவனமோ மீன்பிடிப்போர் சங்கமோ நல்லெண்ணத்தோடு பழைய சுரங்கவாயில் கைவைத்து, கசியும் நீரில் எண்பது சதவீத நஞ்சைக் குறைத்தாலும், மிச்ச இருபதுக்கு அவர்கள் மேல் வழக்குப் போடலாம். சட்ட அளவை எட்டும்வரை காலாகாலத்துக்கும் சுத்திகரிக்க வேண்டும். விட்டுப்போனவர் செத்தோ திவாலாகியோ இருப்பார். தொட்டவர் மாட்டுவார். ஆகவே எவரும் தொடுவதில்லை.

மத்திய அரசு நிலங்களில் மட்டும் குறைந்தது 1,40,000 கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளும் வாய்களும் கழிவு மேடுகளும் இருப்பதாக அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2020-ல் சொன்னது. நிலக்கரிக் கம்பெனிகள் 1977-லிருந்து ஒவ்வொரு டன்னுக்கும் கட்டணம் கட்டி, பழைய நிலக்கரிக் குழிகளை மூட நிதி சேர்க்கின்றன. தங்கம், வெள்ளி, செம்புக்கு அப்படி எதுவும் இல்லை. அங்கே இன்றும் ஆள்வது 1872-ன் சுரங்கச் சட்டம். மத்திய அரசின் நிலத்தில் தங்கம் எடுத்தால் அதற்கு உரிமத்தொகைகூடக் கிடையாது. இது என்ன சட்டம் என்று வாய்விட்டுக் கேட்டுவிடலாம். அமெரிக்காவிலேயே நூறு ஆண்டுகளாகக் கேட்கிறார்கள்.

2024 டிசம்பர் 17-ல் அதிபர் பைடன் கையெழுத்திட்ட சட்டம், கைவிட்ட சுரங்கங்களைச் சுத்தம் செய்ய முன்வரும் தொடர்பில்லாதவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. இரு கட்சிகளும் சேர்ந்து நிறைவேற்றியது. கால் நூற்றாண்டு முயற்சியின் பலன். முன்பு அந்த இடத்தின் சொந்தக்காரராக இருந்தவருக்கு அனுமதி கிடையாது. வேலையை முடித்துக் காட்ட நிதி உத்தரவாதமும் வேண்டும். இதுவரை சரி. ஆனால் ஏழு ஆண்டுகளில் தரப்போகும் அனுமதிகள் நாடு முழுவதற்கும் அதிகபட்சம் 15. அதுவும் ஆபத்துக் குறைந்த இடங்களுக்குத்தான். கோல்ட் கிங் போல மலை நிறைய நீர் நிற்கும் வாய்க்கு இந்தக் கதவு திறக்காது.

கொலராடோ இன்னொரு பக்கம் இறுக்கியது. 2019-ல் வந்த மாநிலச் சட்டப்படி, தங்கம் வெள்ளி போன்ற தாதுக்களுக்குப் புதிதாகச் சுரங்கம் கேட்கும் கம்பெனி, சுரங்கம் மூடிய பிறகு நீர்ச் சுத்திகரிப்பு எப்போது முடியும் என்று நம்பத்தக்க ஒரு தேதி சொல்ல வேண்டும். ‘எங்கள் கம்பெனியின் சொத்தே பிணை’ என்ற பழைய சலுகையும் போனது. என்னைக் கேட்டால், அனுமதிச் சீட்டில் சேர்ந்த உருப்படியான கேள்வி இதுதான்: வேலை எப்போது தொடங்கும் என்று எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும், தண்ணீர் எப்போது நிற்கும் என்று எதிலும் இருந்ததில்லை. சட்டம் புதிய சுரங்கங்களுக்கு மட்டும். கிளாட்ஸ்டோன் ஆலைக்கு அப்படி ஒரு தேதி இன்னும் குறிக்கப்படவில்லை; சன்னிசைடு மலைக்குள் நிற்கும் நீரை வடிப்பதா, இன்னும் இறுக்கி அடைப்பதா என்ற விவாதமும் முடியவில்லை.